இருபது ஆண்டு, ஐந்து மதிப்பெண்

நாலு ரோட்டுக்குப் பின்னால் மாடியறை.
மூன்று பேர், ஒரு மின்விசிறி.
அதுவும் மாதேஸ்வரி பக்கம்தான் அதிகம் வீசும்.
அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு
கொலைக்கு நூற்று மூன்று, கொலைக்கு நூற்று மூன்று
என்கிறாள் ஒரு மணி நேரமாய்.

நாங்கள் சேர்ந்தபோது அது முந்நூற்று இரண்டு.
சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கிய புத்தகத்தில்
பச்சை மையால் கோடிட்ட அத்தனை குற்றங்களும்
ஒரு ஜூலை மாதத்தில் எண் மாறிக்கொண்டன.
ஏமாற்றுக்காரனை இனி
நானூற்று இருபது என்று திட்ட வழியில்லை.
முந்நூற்றுப் பதினெட்டு என்றால்
பஸ்ஸில் எவனுக்கும் கோபம் வராது.

புத்தகத்தை எடைக்குப் போட்டோம்.
வந்த காசில் மூன்று தட்டுவடை செட்,
பீட்ரூட் துருவல் கொஞ்சம் தாராளமாய்.
சட்டம் படித்து நாங்கள் கண்ட முதல் வருமானம்.

நாளை மறுநாள் சொத்துச் சட்டம்.
அர்ஷியா மாங்காய் அரிகிறாள்,
அவள் வீட்டு ஃபிளாஸ்க்கில் டீ ஆறவில்லை.
பெங்களூரா மாங்காய், உப்பு, மிளகாய்த்தூள்:
அடைமானத்தின் ஆறு வகையில்
இரண்டு மறந்தால் ஒரு துண்டு குறைப்பாள்.
நான் பெரும்பாலும்
கொட்டையைத்தான் சப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஹால் டிக்கெட் நகலின் முதுகில்
விடுமுறைக்கு ஒப்பந்தம் எழுதியாயிற்று.
வத்தல்மலைக்கு ஒரே ஸ்கூட்டரில் மூவர்
(மோட்டார் வாகனச் சட்டம் நாங்கள் இன்னும் படிக்கவில்லை).
வளைவுக்கு ஒருத்தி ஓட்ட வேண்டும்.
மறுபயன்: பெட்ரோல் முழுக்க என் செலவு,
ஏனென்றால் அன்று எனக்கு இருபது முடிகிறது.
மழை வந்தால் பிரிவு ஐம்பத்தாறு,
எவளும் எவள் மீதும் வழக்குப் போடலாகாது.
மேலே போய் என்ன செய்வது என்று
யாரும் எழுதவில்லை.
தூங்கலாம் என்றாள் மாதேஸ்வரி.
மலை ஏறியா? என்றேன்.
மலை ஏறித்தான், என்றாள்.

பதினொன்றரைக்கு அப்பா, காவேரிப்பட்டணத்திலிருந்து.
இந்நேரம் அவர் கூப்பிட்டால்
ஒன்று மோட்டார் எரிந்திருக்கும்,
இல்லை திம்மராயன் வேலி போட்டிருப்பான்.
வேலிதான்.
தோப்புக்குப் போகிற வண்டிப்பாதையில்
இரண்டு கல் நட்டு, கம்பி இழுக்க அளந்துவிட்டானாம்.

'நீ போன தடவை சொன்னியேம்மா, எத்தனை வருஷம்?'
'இருபதுப்பா. விடாம நடந்திருந்தா பாதை நமக்கு உரிமை.'
அவர் எண்ணுகிறார், சத்தமாகவே.
'நீ வயித்துல இருக்கறப்போ தோப்பு வாங்கினோம்.
நீ பொறந்த மறுநாளு
மொத லோடு மாங்கா அந்த வழியாத்தான் போச்சு.
அப்பிடின்னா வர்ற மாசம்...'
'ஆமாப்பா. வர்ற மாசம்.'

ஒரு பாதைக்கும் எனக்கும்
ஒரே வயது என்று
எந்தப் பாடத்திலும் வரவில்லை.
அதுவரை சிரித்துப் பேசுங்கள், கல்லைத் தொடாதீர்கள்
என்று வக்கீல் மாதிரிச் சொன்னேன்.
எனக்கே என் குரல் பிடித்திருந்தது.

'சிரிச்சுத்தானே பேசறோம்!
வருஷா வருஷம் அறுப்புக்கு முந்தி
அவன் வீட்டுக்குப் போயி, ஒரு கூடை செந்தூரா குடுத்து,
இந்தத் தடவையும் வண்டி உட்டுக்கறோம்ப்பான்னு
கேட்டுக்கிட்டுத்தானே உடறோம்.'

பக்கம் நூற்று எண்பத்தெட்டு, மஞ்சள் கோடு,
இன்று மாலைதான் ஒப்பித்தேன்:
அனுமதி பெற்று நடந்த நடை
எத்தனை ஆண்டானாலும் உரிமையாகாது.

இருபது கூடை.
ஒவ்வொன்றிலும் பழுத்ததாய்ப் பொறுக்கி
அம்மா வைக்கோல் போட்டு அடுக்கியிருப்பாள்.

'என்னம்மா, லைன்ல இருக்கியா?'
'சிக்னல் இல்லப்பா. பரீட்சை முடிஞ்சு வரேன்.'

அர்ஷியா கடைசித் துண்டை என் பக்கம் தள்ளினாள்.
எதுவும் கேட்கவில்லை.
சேலம் பக்கம் போகிற கூட்ஸ் ஒன்று
வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது.
மாதேஸ்வரி இப்போது திருட்டுக்கு வந்துவிட்டாள்.

ஹால் டிக்கெட்டின் முதுகைத் திருப்பி
வத்தல்மலைக்குக் கீழே எழுதினேன்:
போகிற வழியில் இல்லை, ஆனாலும்
திம்மராயன் வீடு.
கூடையில்லாமல்.